ஹனீபா கடை நம்பர்

786

நாகலூர்,
10.6.1996

அன்பு மகள் பல்கீஸுக்கு அம்மாவின் சலாம். நானும் உன் அத்தாவும் இங்கே சுகம். நீயும், மாப்பிள்ளை அப்துல் காதரும், பேத்தி நஸீமாவும், உன் மாமியாரும் பூனாவில் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துவாச் செய்கிறேன்.

முதலில் முக்கியமான விஷயம். இனிமேல் ஹனீபா மாமு கடை நம்பருக்குப் போன் போடாதே. நமக்கு நம்பர் மாறிவிட்டது. புது நம்பரைக் கடிதத்தின் மேலே 786-க்குப் பக்கத்தில் பெரிதாக எழுதிக் கட்டம் கட்டியிருக்கிறேன், பார்த்துக்கொள். பஸ் நிற்கிற இடத்தில் லூர்துராஜ் என்பவர் புதிதாக எஸ்.டி.டி. பூத் திறந்திருக்கிறார், அது அவருடைய நம்பர். வீட்டில் போன் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்குக் கடைக்காரர் போன்தானே சொந்தப் போன். உன் கல்யாணப் பத்திரிகையில்கூட ஹனீபா நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்தோம். இத்தனை வருஷம் என் கூடப்பிறந்த தம்பி கடையில் இருந்தது, இப்போது அயலார் கையில்.

ஏன் மாற்றினோம் என்று கேட்பாய். எல்லாம் உன் அத்தாவின் புத்திசாலித்தனம். லூர்துராஜ் பூத்தில் வருகிற போனுக்குக் காசே கிடையாதாம். ஆள் அனுப்பிக் கூப்பிட்டுவிடுவார்களாம். ராத்திரியில் பேசினால் கால் ரேட்டாம். போதாததற்கு ஒரு காலண்டர் வேறு கொடுத்தார்கள், பாதி வருஷம் போன காலண்டர். உன் அத்தா அதை நம் கடையில் ஆணியடித்து மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறார். சும்மா கிடைக்கிறது என்றால் மனுஷனுக்கு முகமே மாறிவிடும், உனக்குத் தெரியாததா.

ஆனால் அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. ஹனீபா கடையில் மீட்டர் வைத்த மெஷின் வந்ததிலிருந்தே உன் அமீனா மாமிக்கு முகம் சரியில்லை. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நீ போன் போட்டு, இரண்டு மணி அடித்ததும் வைத்துவிடுகிறாய். எடுக்காததால் உனக்குக் காசு போவதில்லை, நீ சுகம் என்று எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. மாமி கடை வாசலில் நின்று எண்ணெய் டின்னைத் தட்டினால் மேலே நம் வீட்டு அடுப்படிக்குக் கேட்கும். நானும் ஒரு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இந்த ஏற்பாடு உன் மாமியாருக்கே பிடித்துப்போயிற்று என்று நீ எழுதியிருந்தாய், செலவில்லாத காரியம் அல்லவா. ஆனால் அமீனாவுக்குப் பிடிக்கவில்லை. கடையில் மிளகாய் புடைக்கிற செல்வியிடம், என் காதில் விழுகிற மாதிரியே, “வெள்ளிக்கெழமையானா இவுங்களுக்குத் தகரம் தட்டறதே பொழப்பாப் போச்சு, பத்துப் பைசா பிரயோசனமில்ல” என்றாள். சரி, வாய் இருக்கிறது பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஹனீபா, மாசாமாசம் பி.பி.க்கு ஏதாவது கொடுத்தால் தேவலை என்று சொல்லியனுப்பினான். யார் மூலமாக? செல்வி மூலமாக! கூடப்பிறந்த அக்காளிடம் நேரில் கேட்கக் கூச்சம், கூலிக்கு வருகிறவளிடம் சொல்லியனுப்பக் கூச்சமில்லை.

உன் அத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராகக் கடைக்குப் போய், சந்தைக்கு வந்த கூட்டத்தின் நடுவில், “உன்ர போனு உன்னோடயே இருக்கட்டும். இனி எங்க ஊட்டுக்குன்னு எது வந்தாலும் நீ எடுக்கவே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வந்தார். ஹனீபா, “நல்லதுங்க மச்சான்” என்று மட்டும் சொன்னானாம். அவன் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. நம் கடையில் குடையும் கம்பளியும் கொஞ்சம் போகிறது. எஸ்டேட்டில் வேலை இருந்தால்தான் நமக்கும் வியாபாரம்.

போன கடிதத்தில், குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து கன்னம் வீங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் படியில் விழுந்தாய். நோன்புப் பெருநாள் சமயத்தில் கதவில் இடித்துக்கொண்டாய். பாசி பிடித்த பாறையிலெல்லாம் ஆடி மழையில் ஓடித் திரிந்த பிள்ளை நீ. இந்த மலையில் ஒரு நாள் விழுந்ததில்லை. பூனாவில் தரை அவ்வளவு மோசமா? உன் மாமியாருக்கு என் சலாமைச் சொல்லி, அந்தத் தரையைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நஸீமாவுக்கு முத்தம். புது நம்பரை மறந்துவிடாதே.

வஸ்ஸலாம்.
உன் அம்மா,
மைமூன்


786

நாகலூர்,
19.7.1996

அன்பு மகள் பல்கீஸுக்கு அம்மா எழுதுவது. சலாம். இந்தக் கடிதத்தைச் சம்பந்தியம்மா பார்க்க நேர்ந்தால் அவர்களுக்கும் என் சலாம். போன கடிதத்தில் தரையைப் பற்றி நான் எழுதியதை யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பிறந்த வீட்டிலேயே அந்தப் பெயர் உண்டு.

புது நம்பரை மறுபடியும் மேலே எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் உன் அத்தா அஸர் முடித்து பூத்துக்குப் போய்விடுகிறார். லூர்துராஜ் நல்ல மனுஷன்தான். “வாங்க பாய், உக்காருங்க” என்று ஸ்டூல் எடுத்துப் போடுகிறார். இவர் கையில் ஒரு குடையை வைத்துக்கொண்டு, விற்பனைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். முதலில், கடிதம் போய்ச் சேர்ந்திருக்காது என்றார். அப்புறம், மழையில் மலைப்பாதை அடைபட்டுத் தபால் அடிவாரத்திலேயே கிடக்கும் என்றார். இப்போதெல்லாம் வந்து குடையை மூலையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

உன்னிடமிருந்து கடிதமும் இல்லை. மாப்பிள்ளைதான் ஒரு கார்டு போட்டிருந்தார். பல்கீஸ் நலம், வீட்டு வேலை அதிகம், எழுத நேரமில்லை, கவலைப்பட வேண்டாம் என்று நாலே வரி. இன்லண்டு லெட்டரின் மடிப்பில்கூட இடம் விடாமல் எழுதுகிறவள் நீ. உனக்கு எழுத நேரமில்லை என்பதை எழுத மாப்பிள்ளைக்கு நேரம் இருந்திருக்கிறது. சந்தோஷம்.

உன் வீட்டுக்குக் கீழே இருக்கிற தையற்கடை நம்பருக்கு லூர்துராஜை விட்டுப் பேசச் சொன்னோம். அவர் முன்பு ஏற்காட்டில் ஓட்டலில் வேலை பார்த்தவர், கொஞ்சம் இந்தி வரும். ஒவ்வொரு தடவையும் யாரோ எடுத்து, கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போகிறார்களாம். அப்புறம் ஒரு பொம்பளைக் குரல் வந்து, அவள் வெளியே போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிடுகிறதாம். காலையிலும் வெளியே, மாலையிலும் வெளியே. வீட்டு வேலை அதிகம் என்றால் வெளியே எப்படிப் போகிறாய் கண்ணு?

நேற்று செல்வி வீட்டுப் பக்கம் வந்தாள். வாசற்படியிலேயே நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஹனீபா கடையில் வெள்ளிக்கிழமை போன் இரண்டு மணி அடித்து நின்றுகொண்டுதான் இருந்ததாம். ஹனீபா எடுப்பதில்லையாம். அமீனா பழக்கத்தில் எழுந்து டின் பக்கம் போவாளாம், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்வாளாம். “ஆனா அக்கா, இப்ப ரெண்டு மூணு வெள்ளிக்கெழமையா அதும் அடிக்கறதில்லீங்க” என்றாள்.

அப்படியென்றால் என் கடிதம் உன் கைக்கு வரவே இல்லை. நீ பாட்டுக்குப் பழைய நம்பருக்கே அடித்துக்கொண்டிருந்திருக்கிறாய். நாங்கள் பாட்டுக்குப் புது நம்பரில் காத்துக்கொண்டிருந்திருக்கிறோம். சரி, இப்போது ஏன் பழைய நம்பருக்கும் வரவில்லை?

உன் அத்தாவிடம், ஹனீபாவிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். அந்தக் கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். பெற்ற பிள்ளையைவிட ரோஷம் பெரிதா என்று கேட்டுவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நான் அப்படிக் கேட்டதில்லை. அவர் தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு வெளியே போய் மழையில் நின்றார்.

நாளைக்கு நானே போகிறேன். என் தம்பியிடம் பேச எனக்கு யாருடைய உத்தரவும் வேண்டாம்.

சம்பந்தியம்மாவை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய கடிதம் வேண்டாம். ஒரு கார்டில் என் மகள் கையெழுத்தில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். என்ன எழுதியிருந்தாலும் சரி.

துவாவுடன்,
மைமூன்


786

நாகலூர்,
25.8.1996

என் கண்ணு பல்கீஸுக்கு,

இந்தக் கடிதத்தை உன் மாமியார் வீட்டு விலாசத்துக்குப் போடவில்லை. உன் எதிர் வீட்டுப் பாப்பாத்தி அக்கா பெயருக்கு அனுப்புகிறேன். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அங்கே இட்லிக் கடை வைத்திருக்கிறவள் என்று நீ முன்பு எழுதியிருக்கிறாய், அவளேதான். என்றைக்காவது நீ அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன் என்று உன் அத்தாவிடம் சத்தியம் செய்திருக்கிறாள். யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள் என்பதால் மனசில் இருப்பதை எழுதுகிறேன்.

சொன்ன மாதிரியே மறுநாள் ஹனீபா கடைக்குப் போனேன். சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அமீனா உள்ளே போய்விட்டாள். பல்கீஸ் இங்கே பேசினாளா என்று மட்டும் கேட்டேன். தராசைக் கீழே வைத்துவிட்டான். அப்போதே எனக்குப் புரிந்துபோயிற்று.

எஸ்டேட் சம்பள நாளாம், கடை நிறைய ஆளாம். போன் விடாமல் அடித்ததாம். வெள்ளிக்கிழமை இல்லாததால் வேறு யாரோ என்று எடுத்தானாம். “மாமு, அத்தாவக் கூப்பிடுங்க” என்றாயாம். அதற்கு அவன், “உங்க அத்தாவுக்கு இப்ப வேற போன் இருக்குது சாமி, அங்க போட்டுப் பேசிக்க” என்று சொல்லி வைத்துவிட்டானாம். உடனே மறுபடி அடித்ததாம். நொம்ப நேரம் அடித்ததாம். எடுங்கள் என்று அமீனா சொல்லியிருக்கிறாள். பெற்றவர்கள் மகளுக்குப் புது நம்பர் கொடுக்காமலா இருப்பார்கள், பழக்கதோஷத்தில் இங்கேயே அடிக்கிறாள் என்று சொல்லிவிட்டு இவன் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தானாம். அடித்து அடித்து அதுவாக நின்றதாம்.

அப்புறம் ராத்திரியெல்லாம் அவனுக்குத் தூக்கமில்லையாம். உன் குரல் சரியில்லை என்று காதிலேயே இருந்ததாம். மறுநாள் வந்து சொல்லலாம் என்று நம் வீட்டுப் பாதையில் பாதி வரை ஏறி, மச்சான் சந்தையில் பேசியது நினைவு வந்து திரும்பிவிட்டானாம். அதை அவன் சொல்லும்போது நான் அவனை அடித்தேன், பல்கீஸ். கடைக்கு வந்தவர்கள் பார்க்க, தலை நரைத்தவனைக் கன்னத்தில் அடித்தேன். வாங்கிக்கொண்டு நின்றான். அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு நானே அழுதேன். சிறுவயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சேர்வராயன் கோயில் திருவிழாக் கடைகளையெல்லாம் சுற்றிக் காட்டியவன் அவன். உன்னை வேண்டாம் என்று நினைக்கிறவனா? அக்காளும் மச்சானும் வந்து ஒரு வார்த்தை இறங்கிக் கேட்கட்டும் என்று வீம்பு பிடித்திருந்தான், அவ்வளவுதான். அந்த வீம்புக்கு நடுவில் நீ அகப்பட்டுக்கொண்டாய்.

அன்றைக்கே உன் அத்தா சேலத்தில் பம்பாய் ரயில் ஏறினார். பூனாவில் உன் வீட்டுக் கதவைத் தட்டியதும் உன் மாமியார் திறந்து, இவர் பின்னால் எட்டிப் பார்த்தார்களாம். “பல்கீஸ் வரலீங்களா?” என்று கேட்டார்களாம். நீ நம் வீட்டுக்குத்தான் வந்துவிட்டாய் என்று அவர்கள் இத்தனை நாள் நினைத்திருக்கிறார்கள், அல்லது நினைத்த மாதிரி நடித்திருக்கிறார்கள். போனில் வெளியே போயிருக்கிறாள் என்று சொன்னவர்களும் அவர்கள்தானே. மாப்பிள்ளை தலை நிமிரவில்லையாம். கோபத்தில் கை நீட்டிவிட்டேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்றாராம். நீ நலம் என்று அவர் எங்களுக்குப் போட்ட கார்டு, நீ போன பிறகு போட்டது. ஊர் வாய்க்குப் பயந்து எழுதினேன் என்றாராம். இந்த ஜென்மத்தில் அவரை மாப்பிள்ளை என்று இனி என் வாயால் சொல்ல மாட்டேன்.

என் கடிதம் இரண்டையும் உன் மாமியார் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்தார்கள், இரண்டாவது உன் அத்தா அங்கே இருந்தபோதுதான் போய்ச் சேர்ந்ததாம். எடுத்து உன் அத்தா முன்னால் போட்டு, மருமகளுக்கு இப்படி வீம்பு ஏற்றி எழுதினால் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்களாம். தரையைப் பற்றி எழுதிய வரிக்குக் கீழே நகத்தால் கீறியிருக்கிறது. கட்டம் கட்டிய நம்பர் அதே தாளில் மேலே இருக்கிறது. இவர் இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். எனக்குப் படிக்கத் தைரியமில்லாமல் குர்ஆன் வைக்கிற பலகைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மிச்சத்தைச் சொன்னது பாப்பாத்தி. ஒரு பக்கம் முகம் வீங்கி, நஸீமாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ வந்தாயாம். போன் போட அவள்தான் சில்லறை கொடுத்தாளாம். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தாயாம். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, “போன மாத்திட்டாங்களாமுங்க அக்கா. எனக்கு நம்பர் குடுக்கல” என்றாயாம். அழவில்லையாம். பிள்ளைக்கு இட்லி ஊட்டிவிட்டு, கடைவீதி வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று போனாயாம். அவளுக்கு நம் விலாசம் தெரியாது. நீ ஊருக்குத்தான் ரயில் ஏறிவிட்டாய் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று உன்னை ரயிலேற்றும்போது உன் அத்தா சொன்னார், ஒரு போன் போடு, அடுத்த ரயிலில் வந்து நிற்பேன் என்று. நீ அதை நம்பி இருந்திருக்கிறாய். எத்தனை தடவை விழுந்தேன் விழுந்தேன் என்று எழுதியும், அந்த ஒரு போனை நீ போடாமல் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாய். கடைசியில் பொறுக்க முடியாமல் போட்டபோது எடுக்க ஆளில்லை. எனக்கு ராத்திரியில் இதே நினைப்புத்தான். வேறு எதுவும் ஓடுவதில்லை.

உன் அத்தா அங்கே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பாஷை தெரியாமல், பாப்பாத்தியைக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். போட்டோ கேட்டார்களாம். கல்யாணப் போட்டோவிலிருந்து உன்னை மட்டும் வெட்டிக் கொடுத்தாராம். ஸ்டேஷன், தர்கா, தமிழ் ஆட்கள் இருக்கிற சந்துகள் எல்லாம் தேடிவிட்டு, கையில் இருந்தது தீர்ந்ததும் திரும்பி வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனாராம். அங்கே எதைப் பார்க்கப் போனார் என்று நான் கேட்கவில்லை. உன்னைப் பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னார். அதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வந்ததிலிருந்து கடையைச் சரியாகத் திறப்பதில்லை. விடிந்ததும் ஹனீபா கடைக்குப் போய் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை, பேசாமல் இருப்பதுமில்லை. டீ வந்தால் ஒருவர் மற்றவருக்கு நகர்த்தி வைக்கிறார்கள். லைன் அடைபடக் கூடாது என்று ஹனீபா இப்போது யாரையும் அந்தப் போனிலிருந்து பேச விடுவதில்லை. எஸ்டேட் ரைட்டர் வந்து சத்தம் போட்டார். அமீனாதான், “ஏனுங்க, லூர்துராஜ் பூத்துக்குப் போங்க, எங்க புள்ள கூப்பிடுவா” என்று அவரை அனுப்பிவைத்தாள். லூர்துராஜும் ஒவ்வொரு போனுக்கும் நாகலூர் மைமூன் மகளா என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறாராம். ஒரு போனுக்கு வழியில்லாமல் நீ போனாய். இப்போது இரண்டு போனுக்கு ஆள் காவல் இருக்கிறோம்.

எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது கண்ணு. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. பேப்பர் வந்தால் உன் அத்தா முதலில் வாங்கி ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதை உள்ளே மடித்துத்தான் என்னிடம் கொடுக்கிறார். தொழுகையில் உட்கார்ந்தால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. சுகமாக வை என்று கேட்க நாக்கு எழவில்லை. இருக்க வை என்று மட்டும் கேட்கிறேன்.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே. நம்பரை மாற்றியது உன்னைக் கழித்துக்கட்ட இல்லை. எங்கள் கஞ்சத்தனம், எங்கள் ரோஷம், வேறொன்றும் இல்லை. மாற்றிய கையோடு முதல் ஆளாக உனக்குத்தான் எழுதினோம். இதை நீ நம்ப வேண்டும். வராவிட்டாலும், எங்கேயாவது பிழைத்துக் கிடந்தாலும், என் வீட்டார் என்னைக் கைவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இருக்காதே.

வருவதானால் கையில் காசில்லை என்று தயங்காதே. சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மலைக்கு வருகிற ஒவ்வொரு பஸ் கண்டக்டரிடமும் உன் அடையாளம் சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளையோடு ஒரு பெண் வந்து நாகலூர் என்றால் டிக்கெட் கேட்காதீர்கள், நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கந்தசாமி என்று ஒரு கண்டக்டர், “இதுக்கெல்லாம் காசு வாங்குவனாம்மா, நான் முன்சீட்டுலயே கூட்டியாறேன்” என்றார். எந்த நேரமானாலும் வா. ஏன் போனாய், எங்கே இருந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே வா. வந்து உன் அத்தாவைத் திட்டு, மாமுவைத் திட்டு, என்னைத் திட்டு. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன், என் வாய் உனக்குத் தெரியும், இருந்தாலும் பேச மாட்டேன். நஸீமாவுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது, வரும்போது தலையை நன்றாக மூடிக் கூட்டி வா.

எங்கே இருந்தாலும் ரப்பு உன்னையும் பிள்ளையையும் தன் காவலில் வைத்திருக்கட்டும்.

வஸ்ஸலாம்.
உன் அம்மா,
மைமூன்

பாப்பாத்தி தங்கச்சிக்கு: உனக்குக் கோடி புண்ணியம் கண்ணு. அவள் வந்தால் இதை அவள் கையில் கொடு. நொம்ப நாளாகியும் வரவில்லை என்றாலோ, வேறு ஏதாவது சேதி உன் காதில் விழுந்தாலோ, இதைத் திருப்பி மட்டும் அனுப்பிவிடாதே. உன்னிடமே இருக்கட்டும்.